பச்சைத் துணிக்கு அடியில் ஒரு கை

மார்ச் 6

அன்புத் தம்பி குண்டூசிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் உருப்படியாக இருக்கிறோம். என் மூட்டு மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைக்கிறது. உன் முதுகு வலி எப்படி இருக்கிறது? உன் பெண்டாட்டி இன்னும் உனக்கு உப்பைக் குறைத்துத்தான் போடுகிறாளா? நன்றாகப் போடட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று என் மகன் என்னைக் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனான். வலது கண்ணில் புரை முற்றிவிட்டதாம். இடது கண்ணின் கதை உனக்குத் தெரியும், நீர் அழுத்தத்தில் போனது போனதுதான். ஆக, இருக்கிற ஒரே கண்ணில்தான் கத்தி வைக்க வேண்டும். "மயக்கமெல்லாம் கிடையாதும்மா, கண்ணை மட்டும் மரக்க வைப்போம், நீங்க பாட்டுக்கு முழிச்சிட்டே படுத்திருக்கலாம்" என்று டாக்டர் சினிமா டிக்கெட் கொடுக்கிற மாதிரிச் சொன்னார். மகன் அதை என் காதில் கத்தினான். வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோருக்கும் எனக்கு என்ன ஆபரேஷன் என்று இப்போது தெரியும்.

எனக்கு வலியைக் கண்டு பயமில்லை. முழித்துக்கொண்டே இருக்கும்போது கத்தி கண்ணுக்கு நேராக வருமே, அதைத்தான் நினைக்க முடியவில்லை. "முழுசாத் தூங்க வெச்சிடுங்க" என்றேன். என் இதயத்துக்கும் எழுபத்து மூன்று வயதுக்கும் அது சரிவராது என்று தலையை ஆட்டிவிட்டார்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஊர்ப்பட்ட பேச்சையெல்லாம் இணைத்துவிட்டு, கடைசியில் என் காது போயிற்று. போனை எடுத்தால் இரைச்சல்தான் கேட்கிறது. உன்னோடு பேச இந்தக் கடிதம் ஒன்றுதான் வழி. கண்ணும் போய்விட்டால் என்னோடு யார் எப்படிப் பேசுவீர்கள்? முதுகில் விரலால் எழுதிக் காட்டுவீர்களா? போன மாதம் நீ எழுதிய கடிதத்தைப் பூதக்கண்ணாடி வைத்துத்தான் படித்தேன். அதிலும் வரியெல்லாம் எறும்பு ஊர்வது மாதிரி நெளிகிறது. கண் அவ்வளவு மோசம்.

அதனால் ஒன்றே ஒன்று. கண்ணுக்கு மரக்கும் ஊசி போட்டுப் போட்டே தலை நரைத்தவன் நீ. அத்தானுக்கு நீதான் போட்டாய். அந்த மனுஷர் கடைசி நாள்வரை பேப்பரை விளம்பரம் விடாமல் படித்துவிட்டுப் போனார். எனக்கும் நீயே வந்து போடு. நீ போட்டால் கத்தி என்ன, கடப்பாரையே வந்தாலும் படுத்துக்கொள்கிறேன்.

உன் அக்கா

*

மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முதுகு வலி இருக்கிறது. அதுவும் நானும் ஒருவருக்கொருவர் பழகிவிட்டோம். உப்பு குறைவாகத்தான் வருகிறது. டைப் எழுத்து உன் கண்ணுக்குச் சுலபமாக இருக்கும் என்று ஆபீஸ் மெஷினில் அடித்திருக்கிறேன்.

முழு மயக்கம் உனக்கு வேண்டாம். டாக்டர் சொன்னது சரி. உன் இதயம் அதைத் தாங்கினாலும், எழுந்த பிறகு வாந்தி வரலாம், ஒரு நாள் இரண்டு நாள் குழப்பம் இருக்கலாம். வயதானவர்களுக்கு இது சகஜம். கண்ணை மட்டும் மரக்க வைத்தால் ஆபரேஷன் முடிந்து நடந்தே வெளியே வரலாம், டீ குடிக்கலாம்.

கத்தி தெரியாது. மருந்து உள்ளே போனதும் கண் அசையாது, பார்வையும் மங்கிவிடும். வெளிச்சமும் நிறங்களும் மட்டும் தெரியும். சிலர் அழகாக இருந்தது என்கிறார்கள், சிலர் மிரண்டுபோகிறார்கள். முன்கூட்டியே தெரிந்தவர்கள் அவ்வளவாக மிரளுவதில்லை, அதனால் சொல்லி வைக்கிறேன். தொடுவது தெரியும், அழுத்துவது தெரியும், வலி தெரியாது. ஒருவேளை தெரிந்தால் சொல்ல வேண்டும். இன்னும் கொஞ்சம் மருந்து விடுவார்கள்.

தள்ளிப்போடாதே. புரை முற்ற முற்றக் கல் மாதிரி இறுகும். எடுப்பது கஷ்டம்.

அன்புடன்,
தம்பி

*

மார்ச் 27

டேய் குண்டூசி,

மூட்டு, இதயம், மகன், மருமகள் எல்லாம் அப்படியே இருக்கிறோம். எனக்கு ஏறியிருப்பது கோபம் மட்டும்தான்.

இது கடிதமா, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கிற சீட்டா? உறையைப் பிரித்ததும் கரண்ட் ஆபீஸ் நோட்டீஸ் என்று நினைத்து மருமகளிடம் நீட்டப் பார்த்தேன். என் கடிதத்தை இன்னொருத்தர் படிக்க நான் விட்டதே கிடையாது. எக்ஸ்சேஞ்சில் இருந்தபோது அடுத்தவர் பேச்சை ஒட்டுக்கேட்காதவள் நான், என் பேச்சை மட்டும் அடுத்தவர் கேட்கலாமா? அந்தக் கொள்கையே உன் டைப் மெஷினால் போயிருக்கும்.

எழுத்து நெளிந்தால் நெளியட்டும், நான் பிடித்துப் பிடித்துப் படித்துக்கொள்கிறேன். கையால் எழுது. உன் கையெழுத்தைப் பார்த்தால்தான் நீ பேசுகிற மாதிரி இருக்கிறது. மெஷின் எழுத்தில் உன் முகம் தெரியவில்லை.

இன்னொன்று. "இன்னும் கொஞ்சம் மருந்து விடுவார்கள்" என்று எழுதியிருக்கிறாய். யாரது அவர்கள்? நீதானே போடப்போகிறாய்? எப்போது வருகிறாய் என்று ஒரு வார்த்தை இல்லை. இங்கே ஆஸ்பத்திரியில் கேட்டுவிட்டேன். "அவரே வர்றாரா? வந்தா எங்களுக்குப் பெருமைதான்"னு சொன்னார்கள். ரயில் டிக்கெட் எடுத்துவிட்டுத் தேதியை எழுது.

உன் அக்கா

*

ஏப்ரல் 15

அன்புள்ள அக்காவுக்கு,

கையால்தான் எழுதுகிறேன். சந்தோஷமா? இங்கே நலம். வேலை அதிகம், அதனால் சுருக்கமாக.

நான் போடுவதற்கில்லை. சொந்தக்காரர்களுக்கு நாங்களே செய்யக்கூடாது. அத்தான் சமயத்தில் யாரும் கண்டுகொள்ளவில்லை. இப்போது கறார்.

உங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு மயக்க டாக்டரம்மா இருக்கிறார். என்னிடம் வேலை பழகியவர். நல்ல கை. அவரிடம் சொல்லிவிட்டேன். நீ சின்ன வயதிலிருந்தே சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவள். அப்படிப்பட்ட கண் கொஞ்சம் நீளமாக இருக்கும். கூர் ஊசி அதில் பட்டுவிடலாம், அதனால் வேண்டாம். சொட்டு மருந்து விட்டுவிட்டு, வெள்ளை விழி ஓரத்தில் துளியூண்டு திறந்து, கூரில்லாத மொட்டைக் குழாயைக் கண்ணுக்குப் பின்பக்கம் சறுக்கி விடுவார். மருந்து அதன் வழியே போகும். குத்துவதே கிடையாது.

ரத்தம் இளக்கும் மாத்திரையை நீயாக நிறுத்தாதே. டாக்டரம்மாவிடம் கேள்.

தம்பி

*

ஏப்ரல் 22

தம்பிக்கு,

எல்லோரும் சுகம்.

விதி மாறியதா, நீ மாறினாயா? அத்தானுக்குப் போட்டபோது அவர் சொந்தக்காரர் இல்லையா, தெருவில் போனவரா? அன்றைக்கு நீயே அவர் தலைமாட்டில் நின்று, "அத்தான், மூச்சை மெதுவா விடுங்க, அக்கா வெளியில வடிவேலு பஸ்சுக்கு நிக்கற மாதிரி நிக்கறா" என்று சிரிக்க வைத்தாயாமே. வீட்டுக்கு வந்து நூறு தடவை சொன்னார்.

டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தேன். நல்ல பெண். என் வலது காதுப் பக்கம் வந்து நின்று நிதானமாகப் பேசினார். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அவர் உன்னைப் பற்றிப் பேச்சு எடுத்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நீ அவரிடம் என்ன சொல்லி வைத்திருக்கிறாய்? அக்கா தொல்லை தாங்கவில்லை, நீயே பார்த்துக்கொள் என்றா?

நான் உன்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. நீ படிக்கும்போது நான் இரண்டு ஷிப்ட் பார்த்ததைக்கூட இதுவரை சொல்லிக்காட்டியதில்லை. இப்போது சொல்லிக்காட்டுகிறேன் என்று வைத்துக்கொள். எனக்கு இருப்பது ஒரு கண். அதை நீ தொட்டால்தான் கொடுப்பேன். உனக்கு மனசில்லை என்றால் எனக்கும் ஆபரேஷன் வேண்டாம். புரை இருந்துவிட்டுப் போகட்டும்.

அக்கா

*

ஜூன் 9

தம்பிக்கு,

பதில் எழுதவில்லை. தபால்காரர் நம் தெருவை மறந்துவிட்டாரோ என்று ஒரு நாள் வாசலில் நின்று கேட்டேன். அவர் பையைத் திறந்தே காட்டிவிட்டார், பாவம்.

உன் உடம்புக்கு ஒன்றும் இல்லையே? அதையாவது எழுது.

இங்கே சின்னதாக ஒரு கூத்து. காலை மாத்திரையும் ராத்திரி மாத்திரையும் இரண்டுமே வெள்ளை, இரண்டுமே வட்டம். முன்பெல்லாம் கோடு போட்டது காலைக்கு என்று பார்த்து எடுப்பேன். இப்போது கோடு எங்கே தெரிகிறது! இதய மாத்திரையை இரண்டு தடவை விழுங்கிவிட்டு, சமையலறையில் அப்படியே சரிந்துவிட்டேன். மருமகள்தான் தாங்கிப் பிடித்தாள். அவள் பிடிக்கவில்லை என்றால் தலை அடுப்பு மேடையில் இடித்திருக்கும். ஒரு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள். இப்போது மாத்திரையை அவள் கையால்தான் தருகிறாள், குழந்தைக்குத் தருவது மாதிரி. வாயைத் திறந்து காட்டச் சொல்லாததுதான் பாக்கி.

கோபத்தில் ஏதோ எழுதிவிட்டேன். ஷிப்ட் கதையை விடு. சொல்லியிருக்கக் கூடாது.

ஆனாலும் பயம் போகவில்லைடா. முகத்தில் துணி போட்டு மூடுவார்களாமே, அதற்கு அடியில் படுத்திருக்கும்போது காதும் கேட்காது, கண்ணும் தெரியாது. டாக்டர் "அசையாதே" என்றால் எனக்கு எப்படித் தெரியும்? "என்ன?" என்று நான் தலையைத் திருப்பினால் என் கண் என்ன ஆகும்? இதை யாரிடமும் சொல்லவில்லை.

அக்கா

*

ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுதாதது என் தப்பு. மன்னித்துவிடு.

நான் வருகிறேன். ஜூலை 14-க்கு நாள் வாங்கியாயிற்று. ஊசிக்கு இல்லை. கை பிடித்துக்கொள்ள. டாக்டரம்மாவும் சர்ஜனும் சரி என்றார்கள். முகத்தில் பச்சைத் துணி போட்ட பிறகு உன் இடது கை என் கையில் இருக்கும். காதுக் கருவியைக் கழற்றிவிடுவார்கள், அதனால் நமக்குள் ஒரு பாஷை.

நான் ஒரு தடவை அமுக்கினால்: அசையாதே. இரண்டு தடவை: இப்போது விழுங்கலாம், இருமலாம். நீ மூன்று தடவை அமுக்கினால்: இருமல் வருகிறது, அல்லது வலிக்கிறது. நான் சர்ஜனிடம் சொல்லுவேன், அவர் கையை எடுத்த பிறகு உனக்கு இரண்டு அமுக்குவேன். அதுவரை இருமாதே.

துணிக்கு அடியில் காற்று வர ஒரு குழாய் இருக்கும். மூச்சு முட்டாது. வீட்டில் தினமும் மல்லாந்து படுத்துப் பழகு. மெல்லிய துணியை முகத்தில் போட்டுக்கொள்.

ஆபரேஷன் வேண்டாம் என்று மட்டும் சொல்லாதே அக்கா.

தம்பி

*

ஜூன் 29

அன்புத் தம்பி குண்டூசிக்கு,

நீ வருகிறாய் என்றதும் மூட்டு வலிகூடப் பாதியாகிவிட்டது. உன் முதுகுக்கு ரயிலில் கீழ்ப் படுக்கை கேட்டு வாங்கு, கௌரவம் பார்க்காதே.

நேற்று மத்தியானம் உன் பாடத்தைப் படித்தேன். கூடத்தில் பாய் போட்டு, மல்லாந்து படுத்து, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு, கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் கிடந்தேன். மருமகள் கடையிலிருந்து வந்தவள் வாசலிலேயே பையைப் போட்டுவிட்டு "அத்தை!" என்று அலறியிருக்கிறாள். எனக்கு எங்கே கேட்டது! பக்கத்து வீட்டார் இரண்டு பேர் உள்ளே வந்து துண்டை எடுத்தார்கள். நான் கண்ணைத் திறந்து, "இன்னும் நேரம் ஆகலை"ன்னு சொன்னேன். ஒருத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பயிற்சி நேரத்தைச் சொன்னேன், அவள் வேறு எதையோ புரிந்துகொண்டாள்.

உன் பாஷை மனப்பாடம். ஒன்று, அசையாதே. இரண்டு, போகலாம். மூன்று, அவசர போன் கால். எக்ஸ்சேஞ்சில் விளக்கு எரிவதை வைத்தே எந்த லைன் என்று சொன்னவளுக்கு இது ஒரு விஷயமா?

நீ ஊசி போடாததில் வருத்தம் இல்லை என்று சொன்னால் அது பொய். கொஞ்சம் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும். வந்து சேர்.

உன் அக்கா

*

ஜூலை 30

பயந்தாங்கொள்ளித் தம்பிக்கு,

நீ பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்த செய்தியை மகன் போனில் கேட்டுச் சொன்னான். நான் நலம். கண் நலம். இதைப் பெரிய பெரிய எழுத்தாக எழுதுகிறேன், ஏனென்றால் படிக்கிற கண்ணாடி இன்னும் வரவில்லை. காயம் ஆறி, கண் நிலைத்த பிறகுதான் அளவு எடுப்பார்களாம். ஆனால் தூரத்தில் இருப்பதெல்லாம் கழுவி வைத்த மாதிரி இருக்கிறது. எதிர் வீட்டு மொட்டை மாடியில் காயும் சட்டை நீலம் என்று இப்போதுதான் தெரிந்தது. இத்தனை நாளும் சாம்பல் என்று நினைத்திருந்தேன்.

அன்றைக்கு உன்னோடு பேச முடியவில்லை. ஆபரேஷன் முடிந்ததும் நீ ராத்திரி ரயிலைப் பிடிக்க ஓடிவிட்டாய். அதனால் இப்போது சொல்கிறேன்.

நீ எழுதியபடியே நடந்தது. சொட்டு மருந்து குளிர்ந்தது. டாக்டரம்மா ஓரத்தில் ஏதோ தொட்டார், பிறகு கண்ணுக்குப் பின்னால் ஒரு பாரம் ஏறியது, அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் கண் எனக்குச் சொந்தமில்லாத பொருள் மாதிரி ஆயிற்று. துணி போட்டார்கள். பிறகு நிறங்கள்! சிவப்பு, மஞ்சள், நடுவில் ஒரு நீலம் வந்து வந்து போயிற்று. எக்ஸ்சேஞ்ச் பலகையில் ஒரே சமயத்தில் எல்லா லைனும் கூப்பிடுகிற மாதிரி. கத்தி தெரியவில்லை. நீ சொன்னது நிஜம்.

ஆனால் உன் கை இருக்கிறதே! சும்மா இருக்கவே இல்லை. ஒரு அமுக்கா, இரண்டு அமுக்கா, எனக்கு ஒன்றும் புரியவில்லை. மழைக்காலத்து வெளியூர் டிரங்க் லைன் மாதிரி ஒரே கரகரப்பு. "அசையாதே" என்கிறாயா, "இருமிக்கோ" என்கிறாயா? தொண்டை வேறு கமறியது. நல்லவேளை, சந்தேகம் வந்தால் இணைக்காதே என்பது எங்கள் வேலையில் முதல் பாடம். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். பிறகு அவசர கால் போட்டேன். நீ என் கையை இறுக்கிப் பிடித்து, நிதானமாக, தெளிவாக இரண்டு அமுக்கினாய். அப்புறம்தான் இருமினேன்.

அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. என் தம்பி பயந்து நடுங்கிக்கொண்டிருக்கிறான்! ஊர்க்கண்ணையெல்லாம் பார்த்தவன், அக்கா கண் என்றதும் ஆடிப்போய்விட்டான். அதனால்தான் ஊசி போட மாட்டேன் என்று விதி அது இது என்று அளந்தாயா? முட்டாளே, சொல்லியிருந்தால் நான் விட்டிருப்பேனே. பேசக்கூடாது என்றார்கள், அதனால் உன் கையைப் பிடித்து வைத்துக்கொண்டேன். நம் பாஷையில் அதற்கு அமுக்கல் கிடையாது. "பயப்படாதேடா" என்று அர்த்தம். எனக்காக ஒருத்தன் இப்படிப் பயப்படுகிறான் என்பதில் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது, சொல்வதற்கென்ன.

ஒன்று கேட்க வேண்டும். நீ டீக்காக உயிரை விடுகிறவன். இங்கே இருந்த இரண்டு நாளும் மருமகள் போட்ட டீயை எங்கள் முன்னால் குடிக்கவே இல்லையாம். முதல் நாள் டம்ளரைத் தொட்டுவிட்டு, அப்புறம் வேண்டாம் வேண்டாம் என்றாயாம். டாக்டர் ஏதாவது சொன்னாரா? அல்லது அவள் டீ அவ்வளவு மோசமா? உண்மையைச் சொன்னால் அவளிடம் சொல்ல மாட்டேன்.

உன் அக்கா

*

ஆகஸ்ட் 12

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கண்டு மகிழ்ச்சி. நீலச் சட்டைக்காக இரண்டு தடவை படித்தேன். இங்கே நலம்.

நீ சொன்னது சரி. பயம்தான். யாரிடமும் சொல்லாதே, என் மானம் போய்விடும். டீ, வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மருமகள் டீ நன்றாகத்தான் இருந்திருக்கும்.

சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடு. கண்ணைக் கசக்காதே. கண்ணாடி வந்ததும் படிக்கிறேன் பேர்வழி என்று பழைய கடிதங்களை எல்லாம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காராதே. கண்ணுக்கு ஓய்வு வேண்டும்.

தம்பி

*

செப்டம்பர் 10

தம்பிக்கு,

கண்ணாடி வந்துவிட்டது. கண் நலம். மூட்டைப் பற்றி இன்று பேச்சில்லை.

ஓய்வு வேண்டும் என்று எழுதியிருந்தாய். நான் உன் பேச்சை என்றைக்குக் கேட்டிருக்கிறேன்? முந்தாநாள் கண்ணாடியைப் போட்டதும் முதலில் பேப்பர் படித்தேன், அத்தானுக்காக விளம்பரம் உட்பட. பிறகு மாத்திரையில் கோடு தெரிகிறதா என்று பார்த்தேன். தெரிகிறது. பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்து உன் கடிதங்களை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

பழையவை எல்லாம் கம்பி கட்டினாற்போல் நேராக இருக்கின்றன. போன வருஷத்துக் கடைசியிலிருந்து வந்தவை நெளிகின்றன.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். இன்னும் வெளிச்சத்துக்கு நகர்ந்தேன். பேப்பரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பேப்பர் எழுத்து அசையாமல் நிற்கிறது, உன் எழுத்து நடுங்குகிறது. நானே ஒரு வரி எழுதி வைத்துப் பார்த்தேன். அதுவும் நிற்கிறது.

என் கண்ணில் கோளாறு என்று ஆறு மாதமாக உன்னிடமே புலம்பிக்கொண்டிருந்தேன். நீயும் பேசாமல் இருந்தாய்.

அப்புறம் உன் ஏப்ரல் கடிதத்தில் 'அக்கா' என்று எழுதியிருப்பதைப் பார்த்தேன். அது அம்மாவின் 'அ'. நம் பள்ளிக்கூட மார்க் சீட்டில் அம்மா போடுவாளே கையெழுத்து, முதல் எழுத்தே மூன்று இடத்தில் உடைந்து நிற்குமே, அதே 'அ'. வாத்தியார் "உங்கம்மாவுக்கு எழுத வராதா?" என்று கேட்டபோது நீ அவரோடு சண்டைக்குப் போனாய். ஞாபகம் இருக்கிறதா? அம்மாவுக்கு நன்றாக எழுத வரும். கைதான் ஆடும்.

மருமகளைக் கூப்பிட்டு, "உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். "தெரியும் அத்தை. முதல் நாள் டம்ளரை எடுத்ததுமே மாமா கையைப் பார்த்துட்டேன். டீ தட்டுல கொட்டுச்சு. அவரே சொல்லுவார்னு இருந்தேன்" என்றாள். கோபப்படக்கூட முடியவில்லை. பிறர் பேச்சில் தலையிடாதே என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். டாக்டரம்மா ஏன் முகத்தைத் திருப்பினார் என்பதும் இப்போதுதான் புரிகிறது.

டைப் அடித்ததற்கு உன்னை எவ்வளவு பேசினேன்! கையால் எழுது, கையால் எழுது என்று உயிரை வாங்கினேனே. துணிக்கு அடியில் உன் கையைப் பிடித்துக்கொண்டு பயந்தாங்கொள்ளி என்று மனசுக்குள் சிரித்தேனே. அழுதால் கண்ணுக்கு ஆகாது என்று சொல்லியிருப்பதால் கொஞ்சம்தான் அழுதேன்.

இனி நீ டைப் அடித்தே அனுப்பலாம். நோட்டீஸ் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கையால் எழுதினாலும் படிப்பேன். இப்போது அதற்குக் கண் இருக்கிறது.

ஒன்று மட்டும் செய். டீ குடிக்காமல் போகாதே. அம்மாவுக்கு நாம் எப்படி ஊற்றிக்கொடுப்போம்? முக்கால் டம்ளர், அதுவும் இரண்டு கையாலும் பிடிக்கிற மாதிரிப் பெரிய டம்ளரில். அவள் ஒரு சொட்டுகூடச் சிந்தியதில்லை.

உன் அக்கா

*

செப்டம்பர் 28

அன்புள்ள அக்காவுக்கு,

முதுகு வலி பரவாயில்லை. உப்பு அப்படியேதான்.

கையால்தான் எழுதுகிறேன். ஒரு பத்தி எழுதி, கையைத் தொங்கவிட்டு, மறுபடி எழுதுகிறேன்.

அம்மாவுக்கு வந்ததுதான். உயிருக்கு ஒன்றும் செய்யாது. சும்மா இருக்கும்போது தெரியாது, எதையாவது பிடித்தால், நீட்டினால், எழுதினால் ஆடும். மாத்திரை சாப்பிடுகிறேன், கொஞ்சம் அடங்குகிறது. ஆனால் கண்ணுக்குப் பின்னால் மருந்து விடுகிற கைக்குக் "கொஞ்சம்" போதாது. போன வருஷம் ஒரு பெரியவருக்குப் போட ஊசியை எடுத்தேன். முனை ஆடியது. அவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு படுத்திருந்தார். அவர் கண்ணைத் தொடுவதற்கு முன்பே ஊசியைக் கீழே வைத்துவிட்டேன், பக்கத்திலிருந்தவர் போட்டார். அன்றோடு சரி. இப்போது பாடம் நடத்துகிறேன். என் கையால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை அக்கா. அது மட்டும் உனக்குத் தெரிய வேண்டும்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை? நீ "நீ போட்டால்தான் கண்ணைக் கொடுப்பேன்" என்று எழுதிவிட்டாய். என் கை போய்விட்டது என்று சொன்னால் நீ ஆபரேஷனே வேண்டாம் என்று உட்கார்ந்துவிடுவாயோ என்று பயந்தேன். நெஞ்சைத் தொட்டுச் சொன்னால் அது பாதிக் காரணம். மீதி வெட்கம். ரெண்டு ஷிப்ட் பார்த்து நீ வாங்கிக் கொடுத்த கை இது.

எத்தனையோ பேருக்குப் போட்டேன். உன் கண்ணுக்கு மட்டும் நான் போட்டிருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். முடியவில்லை. ரொம்ப அழுதேன். எனக்கு ஆபரேஷன் ஆகவில்லை, அதனால் தாராளமாக அழுதேன்.

அன்றைக்கு நீ என் கையை இறுக்கிப் பிடித்தாயே, அப்போது ஆட்டம் நின்றது. உனக்குத் தெரிந்திருக்காது. நிறங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அடுத்த மாதம் வருகிறேன். டீ போட்டு வைக்கச் சொல். அம்மாவுக்கு ஊற்றுகிற அளவு ஊற்றினால் போதும்.

தம்பி